கரியும் சாம்பலும்: கரும்புத் தோகையிலிருந்து பெறும் உயிரிக்கரியின் பண்புகள்

காரைக்கால் அம்மையாரின் மூத்த திருப்பதிகங்கள் வழியே தமிழாய்வுலகம் நன்கறிந்த திருவாலங்காட்டில் திருத்தணி கூட்டுறவுச் சர்க்கரை ஆலை அமைந்துள்ளது. கரும்புப் பயிர் இருவகைக் கழிவுகளை விட்டுச்செல்கிறது. ஆலையில் பிழிந்தபின் எஞ்சும் சக்கை கொதிகலனுக்கு எரிபொருளாகிறது. வயலில் தங்கும் தோகை பல இடங்களில் அங்கேயே கொளுத்தப்படுகிறது. அதனைக் கொளுத்தாமல் உயிரிக்கரியாக்கி மண்ணில் இடலாம் என்னும் பரிந்துரை இன்று வலுப்பெற்று வருகிறது. 'பயோசார்' எனவும் வழங்கும் இவ்வுயிரிக்கரி தனியொரு பொருளன்று. ஆக்கச் சூழலுக்கேற்ப வேறுபடும் பல பொருள்களின் பொதுப்பெயராகும். வெப்பநிலையைச் சுட்டாமல் இப்பெயரை மட்டும் வழங்குவது, உரிய பயனுக்கு உரிய கரியைத் தேர்வதற்குத் தடையாகிறது.

இவ்வேறுபாட்டின் அடிப்படையைத் தமிழ் வழக்கு முன்பே அறிந்திருந்தது. பல் துலக்கப் பயன்பட்ட உமிக்கரியும் உமிச்சாம்பலும் ஒரே உமியிலிருந்து வருபவை. ஆயினும் இரண்டும் ஒன்றெனக் கருதப்படவில்லை. காற்று தடையின்றிக் கிடைப்பின் கரிமம் வாயுவாகி வெளியேற, வெண்சாம்பலே மிஞ்சும். காற்றைத் தடுத்துப் புகையவிட்டால் கருநிறக் கரி நிற்கும். இராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிகளில் சீமைக்கருவேல விறகை அடுக்கி மண்ணால் மூடும் கரிமூட்டமும் இந்நெறியினதே.

காற்றுக்கு அடுத்தது வெப்பம். ஏறத்தாழ 300 முதல் 400 டிகிரி செல்சியஸ் வரை மெல்லச் சூடேற்றினால் கரியின் அளவு மிகுதி. ஆவியாகும் பொருள்களும் அதில் மிகுதி. ஆக்சிசன் அடங்கிய வேதித்தொகுதிகள் எஞ்சியிருப்பதால் ஊட்டச்சத்து அயனிகளைப் பற்றும் திறனும் இருக்கும். 600 டிகிரியைக் கடந்தால் விளைச்சல் குறையும், நைட்ரசன் பெரிதும் இழக்கப்படும், நுண்துளைகள் பெருகும், சாம்பல் செறிவடைந்து காரத்தன்மை உயரும். இத்தகைய கரி அமில மண்ணுக்கு உதவக்கூடும். ஏற்கெனவே களர்த்தன்மையுள்ள நிலத்தில் அதனை இடுவது ஏற்புடையதன்று. எனினும் மண்ணில் நெடுங்காலம் நிலைப்பது உயர்வெப்பக் கரியே. ஹைட்ரசனுக்கும் கரிமத்துக்கும் உள்ள அணு விகிதம் 0.7-ஐ மிகலாகாது என்னும் பன்னாட்டு வரையறை இந்நிலைப்பை அளப்பதற்கானது. ஊட்டம் நாடுவோர்க்கும் கரிமத்தைச் சேமிக்க விழைவோர்க்கும் ஒரே கரி பொருந்தாது என்பது இதனாற் பெறப்படும்.

மூலப்பொருளும் தன் பங்கை விடுவதில்லை. ஆலையில் நீர் தெளித்துப் பிழியப்படுவதால் சக்கையிலுள்ள பொட்டாசியம் முதலிய கரையும் உப்புகள் பெரும்பகுதி சாற்றோடு சென்றுவிடுகின்றன. தோகையில் அவை தங்குகின்றன. ஆகவே ஒரே வெப்பத்தில் ஆக்கினும் தோகைக்கரியில் சாம்பல் மிகுதி. நெல் உமியில் நிலைமை இன்னும் வேறு: அதன் சாம்பலில் பெரும்பங்கு சிலிக்கா. மிகையான வெப்பத்தில் அது படிக வடிவம் பெறும். அத்துகளை நெடுநாள் சுவாசிப்பது நுரையீரலுக்குத் தீங்கானது.

ஆய்வுக்கூட உலையில் வெப்பநிலையை நிலைநிறுத்துவது எளிது. வயலோரம் பீப்பாயில் கரியாக்கும்போது அது அரிது. ஈரத்தோகை கலந்தால் நீரை ஆவியாக்குவதிலேயே வெப்பம் செலவாகி நடுப்பகுதி அரைகுறையாகக் கருகும். காற்றுப்படும் மேற்பகுதி சாம்பலாகும். ஒரே பீப்பாயில் மூவகைப் பொருள்கள் கிடைப்பதால், ஆய்வுக்கு மாதிரி எடுக்குமுன் முழுவதையும் கொட்டிக் கலந்துகொள்ள வேண்டியுள்ளது.