காசு வருமுன் வரி: நெடுந்தீவு வியாபாரியும் வற் கணக்கும்

குறிகட்டுவானில் சீமெந்தையும் கம்பியையும் படகில் ஏற்றி, நெடுந்தீவில் இறக்கி, அரச வேலையொன்றை முடித்துக் கொடுக்கும் கொந்தராத்துக்காரரிடம் காசு கைக்கு வந்துவிட்டதா என்று வற் சட்டம் கேட்பதில்லை. 2002ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கப் பெறுமதி சேர் வரி (வற்) சட்டப்படி, பில் கொடுத்த நாள், பணமோ முற்பணமோ வாங்கிய நாள், பணம் வரவேண்டிய நாள், பொருளை ஒப்படைத்த நாள் ஆகியவற்றில் எது முந்துகிறதோ, பொதுவாக அன்றே விற்பனை நடந்துவிட்டதாகக் கொள்ளப்படும். இதைத்தான் கணக்காளர்கள் அட்டுறு அடிப்படை என்கிறார்கள். காசு வந்தபின் வரியைக் கணக்கில் எடுப்பது காசு அடிப்படை.

தீவில் இந்த வித்தியாசம் கூடுதலாகவே கடிக்கும். 20 இலட்சம் ரூபா வேலைக்கு 18 வீதப்படி வற் 3,60,000 ரூபா. சீமெந்து, கம்பி 5 இலட்சத்துக்கு வாங்கியிருந்தால் அதில் கட்டிய 90,000 ரூபாவைக் கழிக்கலாம். மிச்சச் செலவு என்ன? படகுக் கூலி, ஏற்றி இறக்கும் கூலி, மேசன் கூலி. வற் பதிவில்லாதவர்களுக்குக் கொடுக்கும் இந்தக் காசில் கழிப்பதற்கு வரியே கிடையாது. ஆகவே 2,70,000 ரூபாவை அடுத்த மாதம் 20ஆம் திகதிக்குள் கட்டவேண்டும். வேலை கொடுத்த திணைக்களத்தின் காசோலை நாலு மாதம் கழித்து வந்தால் அதுவரை வட்டிக்கு வாங்கித்தான் சமாளிக்கவேண்டும். கட்டத் தவறினால் 10 வீதத் தண்டம், பிறகு மாதாமாதம் மேலும் 2 வீதம். அரசு தரவேண்டிய காசுக்காகக் குடிமகன் அரசுக்கே தண்டம் கட்டுவது எந்த நியாயத்திலும் சேராது.

இந்தச் சிக்கல் எல்லாக் கடைகளுக்கும் இல்லை. 2024 ஜனவரி முதல் மூன்று மாதத்தில் 15 மில்லியன் அல்லது வருடத்தில் 60 மில்லியன் ரூபாவைத் தாண்டும் வியாபாரமே கட்டாயம் பதிவு செய்யவேண்டியிருந்தது. நெடுந்தீவுச் சில்லறைக் கடைகளில் பெரும்பாலானவை அந்தக் கோட்டுக்கு மிகக் கீழே. ஆனால் 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் வருட எல்லையை 36 மில்லியனாகக் குறைக்க முன்மொழிந்தது. அதாவது மாதத்துக்கு 30 இலட்சம். கட்டடப் பொருள் விற்பவரும் கொந்தராத்துக்காரரும் அதை எட்டிவிடுவது பெரிய காரியமல்ல. பதிவு செய்யாதவர் பில்லில் வற் சேர்த்து வாங்கினால் அது சட்டவிரோதம். பில்லில் வற் இலக்கம் எங்கே என்று கேட்பது வாங்குபவரின் உரிமை.

காசு அடிப்படைக்கு மாறினால் எல்லாருக்கும் ஆதாயம் என்று நினைக்கவேண்டாம். கடனுக்கு விற்று, கைக்காசு கொடுத்துக் கொள்முதல் செய்பவருக்கு அது நல்லது. யாழ்ப்பாணத்து மொத்த வியாபாரியிடம் கடனுக்கு வாங்கி, கடையில் கைக்காசுக்கு விற்பவருக்கோ நட்டம். அவர் மொத்த வியாபாரிக்குப் பணம் கொடுக்கும்வரை கொள்முதல் வரியைக் கழிக்கமுடியாது. ஆகவே முதலில் உங்களுக்கு வரவேண்டியது கூடவா, நீங்கள் கொடுக்கவேண்டியது கூடவா என்று பாருங்கள்.

இங்கிலாந்தில் கடை நடத்தும் நம்மவர்கள், வருட விற்பனை 13.5 இலட்சம் பவுணுக்குள் இருக்கும் என்றால், வரி அலுவலகத்துக்கு அறிவிக்காமலேயே வரிக்காலமொன்றின் தொடக்கத்தில் காசு அடிப்படைக்கு மாறிவிடலாம். அவுஸ்திரேலியாவில் எல்லை ஒரு கோடி டொலர். லண்டன் சொந்தக்காரர் சொன்னதைக் கேட்டு இங்கே அப்படிச் செய்துவிடாதீர்கள். உள்நாட்டு இறைவரி ஆணையாளர் நாயகத்துக்கு எழுத்தில் விண்ணப்பித்து, எழுத்தில் அனுமதி கைக்கு வரும்வரை அட்டுறு அடிப்படையில்தான் கணக்கு. தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறும் உரிமை அரசியலமைப்பிலேயே இருக்கிறது. தயங்காமல் தமிழிலேயே எழுதுங்கள்.

அனுமதி கிடைத்தாலும் ஆபத்து மாறும் நாளில்தான். அன்று இரண்டு பட்டியல்கள் வேண்டும். ஒன்றில், வரி கட்டியாயிற்று, காசு இன்னும் வரவில்லை என்ற பில்கள். பின்னால் அந்தக் காசு வரும்போது மறுபடி வரி கட்டினால் இரட்டை வரி. மற்றதில், காசு கொடுக்காமலே வரியைக் கழித்துவிட்ட கொள்முதல் பில்கள். காசு கொடுக்கும்போது மீண்டும் கழித்தால் அது குற்றம். 2022இல் வற் வீதம் யூனில் 12 ஆகி, செப்டெம்பரில் 15 ஆனதை நினைத்துப் பாருங்கள். எந்தப் பில்லுக்கு எந்த வீதம் கட்டினோம் என்று எழுதிவைக்காதவருக்குப் பழைய கடன் வசூலாகும்போது தலைசுற்றும். கடனுக்குப் பதில் கருவாடோ மீனோ வாங்கினாலும் அது வரவுதான், காசுக் கணக்கில் விடுபடக்கூடாது. வற் கணக்கை மாற்றியதால் 2.5 வீதச் சமூகப் பாதுகாப்பு உதவுதொகை அறவீட்டின் கணக்கும் தானாக மாறிவிடாது. அது வரவேண்டிய காசையும் சேர்த்தே விற்பனையைக் கணிக்கிறது.

உள்நாட்டு இறைவரித் திணைக்களம் பிழையாக வரி மதிப்பிட்டால், அறிவித்தல் கிடைத்து 30 நாட்களுக்குள் ஆணையாளர் நாயகத்திடம் எழுத்தில் மேன்முறையிடவேண்டும். அங்கே தீராவிட்டால் வரி மேன்முறையீட்டு ஆணைக்குழு இருக்கிறது. கடிதம் நெடுந்தீவு வந்து சேரவே நாள் போய்விடும் என்பதால், தபாலுறையையும் கிடைத்த திகதியையும் பத்திரமாக வைத்திருங்கள்.

வேலை கொடுத்த அரச அலுவலகம் இழுத்தடித்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள்: என் பில்லுக்கான வவுச்சர் எந்த மேசையில், எந்தத் திகதியிலிருந்து கிடக்கிறது? தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானித்தாகவேண்டும். வரும் பதிலை வற் கோப்பிலேயே வையுங்கள். காசு அடிப்படை கேட்டு விண்ணப்பிக்கும்போது, பணம் எவ்வளவு பிந்தி வருகிறது என்பதற்கு அரச அலுவலகமே எழுதித்தந்த சான்று அது.