கண்ணுக்குத் தெரியும், தேடலுக்குத் தெரியாது

பழைய தமிழ் இதழ்களைத்தான் ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றிவிட்டார்களே, பிறகு ஏன் ஒரு சொல்லைத் தட்டித் தேடினால் ஒன்றும் வருவதில்லை என்று பொள்ளாச்சி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பாதி விடை எளிது. ஸ்கேனர் எடுப்பது பக்கத்தின் படம். அதில் புள்ளிகள் உண்டு, எழுத்து கிடையாது. மீதி விடைதான் வியப்பானது. 1950களில் ஈய அச்சில் வந்த இதழைக் காகிதத்திலிருந்து மீட்டுவிடலாம். 1990களில் கணினியிலேயே கோத்த இதழின் கோப்போ, பதிப்பாளரிடம் பத்திரமாக இருந்தும் பல சமயம் படிக்க முடியாமல் கிடக்கிறது. கணினிக்குள் போனதெல்லாம் நிலைத்துவிடும் என்று நம்பியதுதான் நம் பிழை.

‘கொங்கு’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். அந்த நாளில் பரவலாக இருந்த பாமினி எழுத்துருவில் தட்டினால் திரையில் கொங்கு என்றுதான் தெரியும். கோப்புக்குள் பதிவாவதோ என், எஃப், எச், கியூ, ஓர் அரைப்புள்ளி, பெரிய எஃப். கொம்பு, ககரம், கால் என்று கண்ணில் படும் உருவங்களை அப்படியே வரிசையாக அடுக்கி, ஆங்கில எழுத்துகளின்மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தும் ஏற்பாடு அது. எழுத்துருவை எடுத்துவிட்டால் கொங்கும் போய்விடும். ஒருங்குறி எனும் யூனிகோடு உருவத்தை விட்டு எழுத்தைப் பிடித்துக்கொண்டது. க, ஒகரக் குறி, ங, புள்ளி, க, உகரக் குறி என ஆறு எண்கள், நாம் உச்சரிக்கும் வரிசையில். கொம்பைக் ககரத்துக்கு முன்னால் வரைவது எழுத்துருவின் பாடு. இதில் என்னை மிகவும் கவர்வது ஒன்றுண்டு: 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் துதிக்கை வைத்து அச்சிட்ட ‘லை’யும் இன்றைய ‘லை’யும் ஒருங்குறிக்கு ஒன்றுதான், அதே இரண்டு எண்கள்.

சிறுமுகைப் பட்டுத்தறியில் ஜக்கார்டு பெட்டியைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென விளங்கும். அட்டையில் மயில் இல்லை, துளைகள்தான் இருக்கின்றன. துளை வந்த இடத்தில் கொக்கி பாவு நூலைத் தூக்க, ஊடை குறுக்கே ஓட, அட்டைகள் ஒவ்வொன்றாகச் சுழன்று முந்தியில் மயிலாகின்றன. கொக்கிகளில் நூலை வேறு வரிசையில் கட்டிய தறியில் அதே அட்டைகளைப் போட்டால் மயில் வராது. அன்றைய பத்திரிகை அலுவலகங்கள் பலவற்றிலும் கட்டு வேறுவேறு. எல்லாத் தறிக்கும் ஒரே கட்டு என்ற உடன்பாடே ஒருங்குறி. படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் ஓசிஆர் மென்பொருளோ, நெய்து முடித்த சேலையை விரித்து வைத்து இழை இழையாக எண்ணி அட்டையைத் திரும்பத் துளைப்பது போன்றது. சாயம் போன இடத்தில் துளை தவறும், பூச்சி அரித்த இடத்தில் ஊகிக்க வேண்டிவரும். ஆனாலும் சேலை பெட்டியில் இருக்கும்வரை மயிலை மீட்கலாம். அட்டை மட்டும் மிஞ்சி, தறியையும் விற்றுவிட்டால் வழி கடினம்.

இதழ்களைக் காக்கும் முயற்சிகளின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கோட்டையூர் ரோஜா முத்தையாவின் சேகரிப்பு 1994இல் சென்னையில் ஆய்வு நூலகமாகி, மைக்ரோஃபிலிமில் பதிவாகத் தொடங்கியது. 2005இல் ஈழத்து இதழ்களுக்கு ‘நூலகம்’ என்ற இணையத் திட்டம் வந்தது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் உண்டு. ஒருங்குறியை ஏற்கும் தமிழக அரசாணை 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த நாட்களில் வந்தது.

எழுத்துரு மாற்றிகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். இருக்கின்றன, பாமினி போன்ற அறியப்பட்ட கட்டுகளுக்கு நன்றாகவே உழைக்கின்றன. தனக்கென ஓர் எழுத்துருவைச் செய்துகொண்ட சிற்றிதழுக்கு யாராவது உட்கார்ந்து அட்டவணை போட்டாக வேண்டும். செயற்கை நுண்ணறிவு எல்லாவற்றையும் படித்துவிடும் என்பது இப்போதைய விளம்பரம். தெளிவான பக்கத்தை அது திறம்படப் படிக்கிறது, மறுக்கவில்லை. மங்கிய இடத்தில்தான் ஆபத்து. பழைய ஓசிஆர் தடுமாறினால் குப்பை எழுத்து வரும், தவறு கண்ணில் படும். புதியது தனக்குப் பழகிய சொல்லை வைத்து நிரப்பிவிட்டால் வாக்கியம் சரளமாக இருக்கும், தவறு மறைந்துவிடும். 1940களின் இறுதியில் ஜி.ஆர். தாமோதரன் கோவையில் தொடங்கிய ‘கலைக்கதிர்’ இதழின் மதிப்பே அறிவியலுக்குத் தமிழில் சொல் தேடிய அந்த முயற்சியில் இருக்கிறது. அன்று புனைந்து பார்த்துப் பின்னர் வழக்கொழிந்த ஒரு கலைச்சொல்லை, இன்றைய பாடநூல் சொல்லாக இயந்திரம் ‘திருத்தி’விட்டால், தேடிவரும் ஆய்வாளருக்கு அச்சொல் இருந்ததே தெரியாது. 1971இல் கோவையிலிருந்து வந்த ‘வானம்பாடி’ போன்ற கவிதை இதழில் இதைவிட மோசம். அங்கே வழக்கத்தை மீறிய சொல்லாட்சியே கவிதை.

எனவே நூலகங்கள் இயந்திரம் படித்த எழுத்தைப் பக்கப் படத்தின் அருகிலேயே வைக்க வேண்டும், மெய்ப்புப் பார்க்காத பக்கத்தில் அதைக் குறிப்பிடவும் வேண்டும். பதிப்பாளர்கள் ஒவ்வோர் இதழுக்கும் பிடிஎஃப்புடன் ஒருங்குறியில் வெறும் எழுத்துக் கோப்பு ஒன்றையும் நூலகத்துக்குத் தரலாம்; செலவு அநேகமாக இல்லை. 1990களின் கோப்புகள் வைத்திருப்பவர்கள் அந்த எழுத்துருவையும் சேர்த்துக் கொடுத்தால், அட்டவணை போடுபவருக்குப் பாதி வேலை முடிந்தது. கணினியில் ஏற்றியாயிற்று என்று அச்சுப் பிரதிகளை எடைக்குப் போடுவது மட்டும் வேண்டாம்.