வழியும் சொல்லணும்... கதையும் சொல்லணும்!

"டாய்லெட் எந்தப் பக்கமுங்க?", "குழந்தைங்க விளையாடற இடம் எங்கீங்க?" - பெரிய பூங்கா எதில் நுழைந்தாலும் முதலில் கேட்கத் தோன்றுவது இதுதான்.

நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க், 843 ஏக்கர். வழி தவறுவது சுலபம். 1870-ல் குழந்தைகளுக்குப் பால் கொடுப்பதற்காகக் கட்டிய 'டெய்ரி' கட்டடம், பிற்காலத்தில் அங்கே தகவல் மையமானது. இப்படியான மையங்களில் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் நின்று வழிகாட்டுகிறார்கள். பூங்காவின் கதையையும் சொல்கிறார்கள். சம்பளம் கிடையாது.

நம்ம கோவைக்கு வருவோம். காந்திபுரத்தில், மத்திய சிறை வளாக நிலத்தில் 45 ஏக்கரில் இருக்கிறது செம்மொழிப் பூங்கா. 1908-ல் தண்டிக்கப்பட்ட 'கப்பலோட்டிய தமிழன்' வ.உ.சி. செக்கிழுத்தது இந்தச் சிறையில்தான். இங்கே செல்ஃபி எடுக்கும் குட்டீஸில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

வழியை போன் காட்டிவிடும். "இந்த ஜெயில்லதான் கண்ணு, வ.உ.சி. ஐயா செக்கிழுத்தாரு" என்று சொல்ல ஒரு மனிதர் வேண்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், என்.எஸ்.எஸ். மாணவர்கள் வாரத்தில் 2 மணி நேரம் ஒதுக்கினால் போதும். ஒரு மேஜை, நாலு நாற்காலி, ஒரு மேப்... மாநகராட்சி மனது வைத்தால் நடக்கும். உங்கள் வீட்டுத் தாத்தா, பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். முதல் ஆளாக வந்து நிற்பார்கள்!