‘அன்லிமிடெட்’ நெட் மாசக் கடைசியில் ஏன் இழுக்குது?

“அன்லிமிடெட்னு சொல்லித்தானே காசு வாங்குனீங்க?” மதுரையிலோ மேலூர், திருமங்கலம் பக்கமோ வீட்டுக்கு நெட் கொடுக்கும் கேபிள்காரருக்கு இந்தக் கேள்வி புதுசு இல்லை.

அன்லிமிடெட்டுக்கும் ஓர் அளவு உண்டு. அதுதான் எஃப்.யு.பி. எனும் நியாயப் பயன்பாட்டு வரம்பு. பல ஃபைபர் திட்டங்களில் இது மாதம் 3,300 ஜிபி. அதாவது நாளுக்கு 110 ஜிபி. தாண்டினால் லைன் கட் ஆகாது, வேகம் குறையும்.

ஏன் இந்த வரம்பு? சிறு நிறுவனங்கள் மொத்தமாக வாங்கும் இணைப்பைத்தான் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கின்றன. 1 ஜிபிபிஎஸ் இணைப்பை 100 வீடுகள் ஒரே நேரத்தில் இழுத்தால், வீட்டுக்கு 10 எம்பிபிஎஸ்தான். ஒரு வீட்டில் ராத்திரி பகலா டவுன்லோடு ஓடினால், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் ஆன்லைன் கிளாஸ் சுத்திக்கிட்டே நிற்கும்.

ஆனால், நிறுவனம் இஷ்டத்துக்குக் குறைக்க முடியாது. டிராய் 2016-ல் போட்ட உத்தரவுப்படி, வரம்பு முடிந்த பிறகும் வேகம் 512 கேபிபிஎஸ்ஸுக்குக் கீழே போகக்கூடாது. டேட்டா 50, 90, 100 சதவீதம் தீரும்போது எஸ்எம்எஸ் அல்லது இமெயிலில் சொல்ல வேண்டும்.

எனவே, பணம் கட்டும் முன்பே ரெண்டு கேள்வி கேளுங்கள்: வரம்பு எத்தனை ஜிபி? அதைத் தாண்டினால் வேகம் எவ்வளவு?