“ஐ டிக்ளேர் தட்...” கையெழுத்துப் போடுகிறவர் என்ன சொல்கிறார்?

பள்ளிபாளையத்தில் ஒரு விசைத்தறிக் கூடம். “பாவு தீர்ந்துவிட்டதா?” என்று முதலாளி கேட்கிறார்.

“தீந்து போச்சுங்க” என்று தொழிலாளி சொன்னால், அவர் கண்ணால் பார்த்துவிட்டுச் சொல்கிறார் என்று அர்த்தம்.

“தீந்து போச்சுன்னு நெனைக்கறனுங்க” என்றால், அவர் பார்க்கவில்லை. உத்தேசமாகச் சொல்கிறார்.

“தீந்து போச்சாமுங்க” என்றால், வேறு யாரோ சொன்னதை எடுத்துச் சொல்கிறார்.

விஷயம் ஒன்றுதான். ஆனால் பொறுப்பு வேறு வேறு. முதல் பதிலைக் கேட்ட முதலாளி, அடுத்த பாவை ஏற்றச் சொல்வார். மூன்றாவது பதிலைக் கேட்டால், தானே எழுந்துபோய்ப் பார்ப்பார்.

ஆங்கிலம் பேசுகிறவர்களும் இதே வேலையைச் செய்கிறார்கள். அவர்கள் “நான்” என்று தொடங்கி, அதை அடுத்து ஒரு வினைச்சொல்லைப் போடுகிறார்கள். அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது.

முன்னும் பின்னும்

“ஐ திங்க் தட்” என்று ஆங்கிலத்தில் சொல்வார்கள். “ஐ” என்றால் நான். “திங்க்” என்றால் நினைப்பது. “தட்” என்பது ஏறக்குறைய நம்முடைய “என்று”.

ஆங்கிலத்தில் இது முதலில் வரும். சொல்லப்போகும் விஷயம் பிறகு வரும். தமிழில் இதற்கு நேர்மாறு! விஷயம் முதலில் வரும். “என்று நினைக்கிறேன்”, “என்று உறுதி கூறுகிறேன்” என்பதெல்லாம் கடைசியில் வரும்.

மந்திரிகள் பதவி ஏற்பதை டெலிவிஷனில் பார்த்திருப்பீர்கள். பெயரைச் சொல்லி, “எனும் நான்” என்று தொடங்குவார்கள். “என்றும்”, “என்றும்” என்று வாக்கியம் நீண்டுகொண்டே போகும். கடைசியில்தான் “உறுதி கூறுகிறேன்” என்பது வரும். அதே உறுதிமொழியை ஆங்கிலத்தில் எடுப்பவர், உறுதி கூறும் சொல்லை முதல் மூச்சிலேயே சொல்லிவிடுவார்.

சாதாரணப் பேச்சில் ஆங்கிலேயர்கள் “தட்” என்பதை விழுங்கிவிடுவதும் உண்டு. “ஐ திங்க்” என்பதை வாக்கியத்தின் வாலில் ஒட்டவைப்பதும் உண்டு. அப்போது அது நம்முடைய “போலிருக்கிறது” மாதிரிதான். அமெரிக்கர்கள் “ஐ கெஸ்” என்பார்கள். இதை அமெரிக்கப் பேச்சு என்று கேலி செய்யும் ஆங்கிலேயர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய பழைய கவிஞர் சாசர், 600 ஆண்டுகளுக்கு முன்பே அதை எழுதியிருக்கிறார்!

ஆனால் பத்திரத்திலும் பாரத்திலும் வருகிற “ஐ டிக்ளேர் தட்” என்பது அப்படிப்பட்டதல்ல. “இன்னின்னபடி என்று உறுதியாக அறிவிக்கிறேன்” என்று அதற்கு அர்த்தம். அங்கே “தட்” பெரும்பாலும் அப்படியே நிற்கும்.

சொன்னாலே செய்ததாகும்

இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு தத்துவ அறிஞர்கள் இருவர் இதை ஆராய்ந்தார்கள். ஒருவர் அர்ம்சன். “நான் நினைக்கிறேன்”, “நான் நம்புகிறேன்” போன்ற சொற்களின் தன்மை பற்றி அவர் 1952-ல் ஒரு கட்டுரை எழுதினார். கேட்பவர் அந்த விஷயத்தை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை இந்தச் சொற்கள் காட்டுகின்றன என்றார்.

இன்னொருவர் ஆஸ்டின். அவர் 1955-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சொற்பொழிவு ஆற்றினார். 1960-ல் அவர் காலமானார். சொற்பொழிவுகள் 1962-ல் புத்தகமாக வெளிவந்தன.

அவர் காட்டிய விஷயத்தைத் தறிக்காரர் எளிதாகப் புரிந்துகொள்ளலாம். “நான் நெய்கிறேன்” என்று நூறு தடவை சொன்னாலும் ஓர் அங்குலம் துணி வராது. தறி ஓடினால்தான் துணி. ஆனால் “நான் வாக்குக் கொடுக்கிறேன்” என்று சொன்னால், அந்த நிமிடமே வாக்குக் கொடுத்தாகிவிட்டது. சொல்வதே செயல்!

“நான்” என்பதை எடுத்துவிட்டு “அவர்” என்று போட்டுப் பாருங்கள். “அவர் வாக்குக் கொடுத்தார்” என்பது வெறும் செய்தி. சொன்னவருக்கு அதில் கட்டுப்பாடு இல்லை.

கோர்ட்டில் என்ன நடக்கிறது?

கோர்ட்டில் இந்த வித்தியாசத்துக்குச் சட்டமே இருக்கிறது. பார்த்த விஷயம் என்றால், “நான் பார்த்தேன்” என்று சொல்கிறவர்தான் சாட்சி சொல்ல வேண்டும். கேட்ட விஷயம் என்றால், “நான் கேட்டேன்” என்கிறவர் வர வேண்டும். 1872-ம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 60-வது பிரிவு இப்படிச் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்திலும் இந்த விதி உண்டு. “தீந்து போச்சாமுங்க” என்ற சாட்சி பொதுவாகக் கோர்ட்டில் எடுபடாது.

அப்படியானால், எதைச் சொன்னாலும் “என்று நம்புகிறேன்” என்று சேர்த்துக்கொண்டால் தப்பிக்கலாமா? முடியாது! 1860-ம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டம் அந்த வழியையும் அடைத்துவிட்டது. நம்பாத ஒன்றை “நம்புகிறேன்” என்று பிரமாணத்தில் சொன்னாலும் அது பொய்ச் சாட்சிதான் என்றது. இப்போதுள்ள புதிய தண்டனைச் சட்டமும் அதையே சொல்கிறது.

சிறுநீரகமும் கையெழுத்தும்

2025 ஜூலையில் பள்ளிபாளையத்தின் பெயர் நாடு முழுவதும் அடிபட்டது. கடனில் சிக்கிய விசைத்தறித் தொழிலாளர்களைப் புரோக்கர்கள் பிடித்து, சிறுநீரகத்தை விற்கச் செய்தார்கள் என்று புகார் எழுந்தது. தமிழக அரசு விசாரணைக் குழு அமைத்தது. ஆகஸ்டில் சென்னை ஐகோர்ட்டின் மதுரைக் கிளை, சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்க உத்தரவிட்டது.

இந்தியாவில் உறுப்பு விற்பனை 1994-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நெருங்கிய உறவினர் அல்லாதவர், அன்பினாலோ பற்றுதலாலோ கொடுப்பதானால், அங்கீகாரக் குழுவின் அனுமதி வேண்டும். அதற்கு 2014-ம் ஆண்டு விதிகளில் அச்சடித்த ஆங்கிலப் பாரம் ஒன்று இருக்கிறது. கொடுப்பவர் அதில் கையெழுத்துப் போட வேண்டும்.

அந்தப் பாரம் முழுவதும் “ஐ... தட்” மயம். பணம் எதுவும் தரப்படவில்லை, தரப்படவும் மாட்டாது என்று உறுதி கூறுகிறேன். யாருடைய வற்புறுத்தலும் ஆசை காட்டுதலும் இல்லாமல் சொந்த விருப்பத்தில் கொடுக்கிறேன். சட்டப் பிரிவுகளில் சொல்லியுள்ள குற்றங்களைப் புரிந்துகொண்டேன். ஆபரேஷனால் எனக்கு வரக்கூடிய ஆபத்துக்களைப் புரிந்துகொண்டேன். எதையும் மறைக்கவில்லை என்று கூறுகிறேன். இப்படிப் போகிறது.

இங்கேதான் கவனிக்க வேண்டும். இந்த வாக்கியங்கள் பார்வைக்கு ஒரே ஜாதி. எல்லாவற்றிலும் “நான்”. ஆனால் உள்ளே இரண்டு வகை கலந்திருக்கிறது.

“உறுதி கூறுகிறேன்” என்பது கையெழுத்துப் போட்டதும் நடந்துவிடும். உறுதி கூறியவர் கட்டுப்பட்டுவிட்டார். “புரிந்துகொண்டேன்” என்பது அப்படியல்ல. ஆயிரம் கையெழுத்துப் போட்டாலும் புரியாத விஷயம் புரிந்துவிடாது. நெய்கிறேன் என்று சொல்லித் துணி வராத மாதிரிதான்! டாக்டர் உட்கார்ந்து தமிழில் விளக்கியிருந்தால்தான் அந்த வாக்கியம் உண்மையாகும். விளக்காமலே கையெழுத்து வாங்கினால், அந்தப் பாரத்தில் முதல் பொய் அதுதான். அதைச் சொல்லவைக்கப்பட்டவர் ஏழைத் தொழிலாளி.

“சும்மா ஒரு கையெழுத்து” என்று புரோக்கர் சொல்லலாம். பாரத்தில் உள்ள “நான்” புரோக்கர் அல்ல. பணம் கொடுத்தவருக்கு மட்டுமல்ல, வாங்கியவருக்கும் தண்டனை உண்டு. 2011-ல் செய்த திருத்தத்தின்படி 5 ஆண்டு முதல் 10 ஆண்டு வரை ஜெயில். அபராதம் 20 லட்சம் ரூபாயிலிருந்து 1 கோடி ரூபாய் வரை. பிற்பாடு, “எனக்கு இங்கிலீஷ் தெரியாதுங்க” என்று சொன்னால், கையெழுத்தை எடுத்துக் காட்டுவார்கள்.

ஆகவே, எந்த ஆங்கிலப் பாரமானாலும் “ஐ” என்று தொடங்கும் ஒவ்வொரு வாக்கியத்தையும் தமிழில் படித்துக் காட்டச் சொல்ல வேண்டும். தமிழில் அந்தச் சொல் கடைசியில் வருவதால், படிக்கிறவர் பாதியில் நிறுத்த விடக் கூடாது. முடிவு “நினைக்கிறேன்” என்றா, “அறிவேன்” என்றா, “உறுதி கூறுகிறேன்” என்றா என்று காதால் கேட்க வேண்டும்.

அந்தப் பாரத்தில் கொடுப்பவருக்குச் சாதகமான வாக்கியம் ஒன்றும் இருக்கிறது. அதுவும் “ஐ அண்டர்ஸ்டாண்ட் தட்” என்றுதான் தொடங்குகிறது. மற்ற வாக்கியங்களுக்கு நடுவே இருப்பதால் கண்ணில் படாமல் போய்விடலாம். ஆபரேஷன் நடப்பதற்கு முன், எந்த நேரத்திலும் சம்மதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என்று புரிந்துகொண்டேன் என்பதே அது. கையெழுத்துப் போட்ட பிறகும் அந்த உரிமை உண்டு. ஆஸ்பத்திரியில் படுத்த பிறகும் உண்டு.