புண்ணும் செவிலியரின் கேள்விகளும்

வயலில் மண்வெட்டி பட்டோ, தறியின் ஆணி கீறியோ உண்டான காயம் சீழ்பிடித்தபின் மருத்துவமனை செல்லும் அங்கத்தினர் பலர், செவிலியர் கேட்கும் கேள்விகளை வீண் விசாரணையெனக் கருதுகின்றனர். உண்மையில் அவை சிகிச்சையின் முதற்படியாகும்.

காயம் என்று, எதனால் ஏற்பட்டது? மண்ணோ சாணமோ பட்டிருப்பின் ரணஜன்னி வரக்கூடும். ஆதலின் கடைசித் தடுப்பூசி போட்டு 5 ஆண்டுகள் கடந்தனவா என அறிதல் வேண்டும்.

நீரிழிவு உண்டா? இருப்பின் புண் எளிதில் ஆறாது. காலில் உணர்ச்சி குன்றி, வலியும் தெரியாதிருக்கலாம்.

காய்ச்சலும் குளிர் நடுக்கமும் உண்டா? நஞ்சு உடலெங்கும் பரவுவதற்கு அவை அறிகுறியாகலாம்.

பெனிசிலின் முன்பு ஒவ்வாதிருந்ததா? இதனை மறைப்பின் மருந்தே உயிருக்கு உலைவைக்கும்.

வீட்டில் பூசிய சுண்ணாம்பையும், கடையில் வாங்கி விழுங்கிய மாத்திரையையும் நாணி மறைத்தல் கூடாது. பழைய மருந்துச் சீட்டுகளையும் உடன் கொண்டு செல்க.