சவரக் கத்தியின் கூர்

மன்னார்க் கரையில் இறங்கித் தம்புள்ளை வழியாகக் கால்நடையாகவே மாத்தளைக்கு ஏறிவந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களை உண்டாக்கிய தமிழ்த் தொழிலாளரைச் சரித்திரம் ஓரளவேனும் நினைவுகூர்கிறது; அவர்களுக்கு முகச்சவரம் செய்த தோட்டத்து நாவிதரோ, சம்பளச் சீட்டில் கோயில், சலவை ஆகியவற்றின் பக்கத்தில் பிடித்தம் செய்யப்பட்ட ஒரு சில்லறைத் தொகையாகவே நின்றுவிட்டார். அவருடைய அடைப்பத்திலிருந்த மடக்குக் கத்திக்குள் எத்தனை சாஸ்திரம் அடங்கியிருந்ததென்பதை, துருவேறிய பழைய கத்தி ஒன்றைச் சீர்செய்ய முனைகிறவர்தாம் உணர்வார்.

துரு அலகின் மேற்பரப்போடு நின்றிருந்தால் பாதகமில்லை. கூர்விளிம்பை அரித்திருந்தாலோ, அந்தப் பாகம் தேய்ந்து மறையும்வரை கல்லில் இழுத்தேயாக வேண்டும். அவசரப்பட்டுத் தெருவோரச் சாணைச் சக்கரத்தில் கொடுப்பவர் கத்தியை இழந்தவரே. மெல்லிய அலகு நொடியில் சூடேறிப் பதம் கெட்டுவிடும்.

கத்தியின் தடித்த முதுகு வெறும் பாரத்துக்காக அமைந்ததன்று. முதுகும் கூரும் ஒருங்கே படியும்படி கல்லின்மேல் கிடத்தினால், சுமார் 16 பாகைக் கோணம் தானாகவே வாய்த்துவிடுகிறது. கை செய்ய வேண்டியதெல்லாம் அந்த ஏற்பாட்டைக் குலைக்காதிருப்பதுதான். முதலில் 1000 எண் கல்லில் இரு பக்கச் சரிவுகளும் ஒரே கோட்டில் சந்திக்கும்வரை தீட்டி, பிறகு 4000, 8000 என்று நயமான கற்களுக்குப் போகப்போக, அழுத்தத்தைக் குறைத்து, கடைசியில் கத்தியின் சொந்தப் பாரம் மட்டுமே கல்லில் படும்படி விட வேண்டும். கல்லில் கூர் முன்னே செல்லும்; தோல்வாரில் முதுகு முன்னே செல்ல வேண்டும். இதை மறந்தால் வாரும் அறுபடும், கூரும் போய்விடும்.

எஃகைவிட ஏறக்குறைய ஐம்பது மடங்கு மென்மையான மயிர், அந்த எஃகையே சிதைக்கிறது என்பது விந்தையான விஷயம். அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் 2020இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், வளைந்து சாய்கிற மயிர் சவர அலகின் விளிம்பில் நுண்ணிய சில்லுகளைப் பெயர்த்தெடுப்பது கண்டறியப்பட்டது. தாடியை முதலில் நீரில் நன்றாக ஊறவைத்த நாவிதர் நம் சருமத்துக்கு மட்டுமல்ல, தம் கத்திக்கும் உபகாரம் செய்தார்.

இன்று சலூன்களில் ஆளுக்கொரு புது பிளேடு மாட்டுகிறார்கள். இரத்தத்தால் பரவும் மஞ்சட்காமாலைக் கிருமியை நினைத்தால் அதுவே நியாயம். பழைய கத்தியை அதன் சொந்தக்காரர் ஒருவர் மட்டுமே பிரயோகிக்கலாம். மாத்தளை மழைக்காலத்தின் ஈரக்காற்றில் அதை வைத்திருப்பவர், ஒவ்வொரு சவரத்துக்கும் பின் நன்றாகத் துடைத்து, எண்ணெய் தடவிய பிறகே மடக்கி வைக்க வேண்டும்.